கூதிர்காலத்துக்கு என்ன நிறப் புடவை: ஐம்பதைக் கடந்தவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பட்டுப்புடவைக் கடையில் ஐம்பது வயதைக் கடந்த பெண் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் விற்பனையாளரின் கை எந்த அடுக்குக்குப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். சந்தனம், வெங்காயச்சருகு, சாம்பல், மங்கிய ரோஸ் எனப் பொடிக்கலர்களாக எடுத்துப் போட்டுவிட்டு, "வயசுக்கு அடக்கமா இருக்கும்மா" என்பார். கார்த்திகையில் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்காக ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில் நானும் என் அக்காவும் காஞ்சிபுரத்துக் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோதும் அதுவேதான் நடந்தது. அக்காவுக்கு 64 வயது, நல்ல கறுப்பு, தலை முழுவதும் பஞ்சாக வெளுத்துவிட்டது, சாயம் பூசிக்கொள்வதில்லை. எனக்கு 57, மாநிறம், பாதி நரைத்த தலைக்கு மருதாணி போடுவதால் முடி செம்பட்டையாகத் தெரியும். ஒரே ஐந்து நிறங்களை இருவர் தோளிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். அவருக்கு எடுப்பாக இருந்தது எனக்கு எடுபடவில்லை, எனக்குப் பொருந்தியது அவர் முகத்தைச் சோர்வாகக் காட்டியது. எங்கள் இருவரின் வயதைக் காட்டிலும் முடியின் நிறமும் புடவை கட்டிக்கொண்டு நிற்கப்போகும் இடத்து வெளிச்சமுமே இதைத் தீர்மானித்தன என்று எனக்குப் படுகிறது. ஆகவே அந்த ஐந்து நிறங்களையும் அவ்விரண்டு அளவுகோல்களைக் கொண்டே ஒப்பிடுகிறேன்.

முதலில் பருவத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மேலைநாட்டுப் பத்திரிகைகள் இலையுதிர்காலத்துக்குப் பரிந்துரைக்கும் துரு, கடுகு, ஆலிவ் பச்சை, கருஞ்சிவப்பு ஆகியவை அங்கே அந்த மாதங்களில் மரங்களில் காணப்படும் நிறங்கள். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றார்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் இந்தக் காலத்தில், தமிழ்நாட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே கொட்டிவிடுகிறது. இங்கே அப்போது இலை பழுக்காது. கழுவிவிட்டாற்போல் பச்சையாக நிற்கும். வானம் சாம்பல் நிறத்தில் இருக்கும், வெயிலில் மஞ்சள் குறைவாக இருக்கும். எனவே அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வதற்கு நமக்குக் காரணம் ஏதுமில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கிச் சேலையில் காலங்காலமாக ஓடும் செங்கல் சிவப்பும் கடுகு மஞ்சளும் காப்பிப்பொடி நிறமும் ஏறக்குறைய அதே பட்டியல்தான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சேலையை நெய்தவர்கள் எந்த மேப்பிள் மரத்தையும் பார்த்து நிறம் தேரவில்லை.

மனிதர்களையே வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என நான்கு பருவங்களாகப் பிரித்து நிறம் சொல்லும் ஒரு முறையும் உண்டு. 1980-களில் அமெரிக்காவில் பரவிய அந்த முறை தோல், முடி, கண் ஆகியவற்றின் நிறத்தை வைத்து ஆளை வகைப்படுத்துகிறது. பழுப்பு முடி, செம்முடி, நீலக்கண், பச்சைக்கண் எனப் பல வகையினர் வாழும் ஊரில் அதற்குப் பயன் இருக்கலாம். கரிய கண்ணும் கரிய முடியுமாகப் பிறந்த நம்மில் பெரும்பாலோரை அது ஓரிரு பெட்டிகளுக்குள் அடைத்துவிடுகிறது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரே கேள்வி, முகத்துக்கும் முடிக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதுதான். இளமையில் நம் முகம் மாநிறமோ கறுப்போ, முடி அதைவிடக் கறுப்பு. நரைத்தபின் இது தலைகீழாகி, முகத்தைவிட முடி வெளிர்ந்துவிடுகிறது. முப்பது ஆண்டுகளாகப் பொருந்திவந்த நிறம் திடீரெனப் பொருந்தாமல் போவதாகப் பலர் வருந்துவதற்குத் தோலைவிட இந்த மாற்றமே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

முகத்தருகே வைக்கும் துணி இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. ஒன்று, துணியின் மேல் விழும் ஒளி அந்த நிறத்தையும் ஏந்திக்கொண்டு தாடைக்கும் கழுத்துக்கும் திரும்புகிறது. பளபளக்கும் பட்டில் இது சற்றுக் கூடுதலாகவே தெரியும். மற்றொன்று, கண் செய்யும் வேலை. பாரிஸில் சித்திரத் திரைச்சீலைகள் நெய்யும் கோபிலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரேலிடம், அங்கே சாயமேற்றப்படும் கறுப்பு நூல் அழுத்தமாக இல்லை என்று குறை சொன்னார்கள். அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் பழுதில்லை, பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும் சேர்ந்துதான் கறுப்பை மங்கலாகக் காட்டின. அடுத்தடுத்து வைக்கும் நிறங்களில் ஒவ்வொன்றும் மற்றதைத் தன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளுகிறது என்று 1839-இல் அவர் வெளியிட்ட நூலில், பெண்களின் ஆடை நிறமும் முக நிறமும் தனியாகவே ஆராயப்பட்டுள்ளன. பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு. ஆகவே பச்சையின் அருகே முகத்தில் சிறிது செம்மை கூடியதாகத் தோன்றும். மஞ்சளுக்கு எதிரே நிற்பது நீலமும் ஊதாவும். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தவர்களுக்கு இது நல்ல செய்தியல்ல.

இனி அந்த ஐந்து நிறங்களுக்கு வருவோம்.

பொடிக்கலர் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. வயதானால் நிறம் மங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அழகுணர்ச்சியிலிருந்து மட்டும் வந்ததன்று. கணவனை இழந்தவளிடமிருந்து முதலில் நிறத்தைப் பிடுங்கிய வழக்கத்தின் மிச்சம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோபத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், கூதிர்காலத்துக்கு இந்த நிறங்கள் ஏற்றவையல்ல. மேகமூட்டத்தின் கீழ் சந்தனமும் வெங்காயச்சருகும் தம்மிடமிருக்கும் கொஞ்சம் சூட்டையும் இழந்து சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடுகின்றன. அக்காவின் தோளில் சந்தன நிறத்தைப் போட்டபோது முடியும் புடவையும் ஒரே வெளிர்வாக இருக்க, இடையில் முகம் மட்டும் களைத்துப் போனதுபோல் தனித்து நின்றது. ஆனால் செம்பட்டை முடியோடு இருந்த எனக்கு அதே புடவை மோசமாக இல்லை. முடி, முகம், புடவை மூன்றும் தேன் நிறத்தின் வெவ்வேறு படிகள்போல் இறங்கி வந்தன. எனவே நரையை மருதாணியில் மறைப்பவர்கள், அழுத்தமான கரையோடு கூடியதாகப் பார்த்து வாங்கினால் பொடிக்கலரும் பொருந்தக்கூடும். தூய வெள்ளையை மட்டும் நரைத்தவர்கள் தவிர்ப்பது நல்லது. வெளுக்க வெளுக்கப் பளிச்சிடும் துணிக்குப் பக்கத்தில் இயற்கையான நரை மஞ்சளடித்தாற்போல் தெரியும்.

கடுகு மஞ்சளைப் பற்றி நீளமாகச் சொல்வதற்கில்லை. பருத்தியில், குறிப்பாகச் சுங்குடியிலும் கண்டாங்கியிலும், பகல்வேளைக்கு அது மிக நன்றாக இருக்கும். மழைநாளின் மந்தத்தில் வீட்டுக்குள் ஒரு விளக்கு ஏற்றினாற்போல் இருக்கும். பட்டில், அதுவும் முழு ஜரிகையோடு, அது ஐம்பதைக் கடந்தவர்களை அதிகம் சோதிக்கும் நிறம். மேலே சொன்ன கருவளையம் ஒரு காரணம். தங்கம் மற்றொரு காரணம்: காதிலும் கழுத்திலும் போட்டிருக்கும் நகையும் ஜரிகையும் புடவையும் ஒன்றோடொன்று கரைந்துபோய், எதுவுமே போடாததுபோல் ஆகிவிடும். எங்கள் இருவரில் யாருக்கும் அது தேறவில்லை.

அரக்குதான் நம் வீடுகளில் நடுத்தர வயதுக்கென்று எழுதி வைக்கப்பட்ட நிறம். தட்டுவதற்கு யாருக்கும் மனம் வராது. மஞ்சள் பூசிய முகத்துக்கும் குங்குமத்துக்கும் தங்கத்துக்கும் அது இசைந்து போகும். இதை எப்போது வாங்கலாம், எப்போது கூடாது என்பதை நேரம்தான் தீர்மானிக்கிறது. எண்ணெய் விளக்கின் சுடரில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி, நீலம் மிகக் குறைவு. ஆகவே திருக்கார்த்திகையன்று அகல் வரிசைக்கு முன்னால் அரக்கு உயிர்பெற்று எழும், நீலங்கள் எல்லாம் கறுத்துப்போகும். விளக்கும் ஏற்றாமல் வெளிச்சமும் போகாமல் இருக்கிற அந்திப் பொழுதிலோ நிலைமை நேர்மாறானது. ஒளி குறையும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கறுக்கிறது, நீலமும் பச்சையும் ஒப்பீட்டளவில் பிரகாசமாகத் தெரிகின்றன. செக் நாட்டு உடலியலாளர் பூர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துப் பூக்களிலும் இலைகளிலும் கவனித்த இதை, மழை கொட்டும் ஐந்தரை மணிக்கு மண்டபத்து வாசலில் வரவேற்பு நிற்பவர் எவரும் கவனிக்கலாம். அரக்குப் புடவை அங்கே கறுப்புப் புடவையாகவே நிற்கும்.

எனக்கும் அக்காவுக்கும் இடையே அதிக வாக்குவாதம் அரக்கின் மேல்தான் நடந்தது. செம்பட்டை முடிக்கு அரக்கு இரட்டைப் பிறவிபோல் பொருந்துகிறது. என் தோளில் போட்டதும் கடைக்காரப் பையன்கூட, "இதை எடுத்துக்குங்கம்மா" என்றான். அக்காவுக்கு அது கேடில்லை, ஆனாலும் எழவில்லை. கறுத்த தோலும் கருஞ்சிவப்புத் துணியும் ஏறத்தாழ ஒரே ஆழத்தில் இருந்ததால் கழுத்து எங்கே முடிகிறது, புடவை எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல் போயிற்று. கறுத்தவர்கள் அழுத்தமான நிறம் கட்டக்கூடாது என்று இதற்குப் பொருளில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பெண்களை வாழ்நாள் முழுதும் வெளிர் ரோஸில் வைத்திருக்கிறோம். தோலின் ஆழத்தோடு சமமாக நிற்கும் நிறத்தைவிட, அதிலிருந்து சாயலில் விலகி நிற்கும் நிறம் முகத்தை எடுத்துக்காட்டும் என்பதே பொருள். அரக்கே வேண்டுமென்று மனம் கேட்டால், அதே குடும்பத்தில் சற்றுத் தெளிவான மிளகாய்ப்பழச் சிவப்பையோ, பழுப்பும் சிவப்பும் கலந்த மாந்துளிரையோ பார்க்கலாம்.

கரும்பச்சையில்தான் அக்காவின் முகம் மாறியது. கடைக்குள் குழல்விளக்கின் கீழே அந்தப் புடவை சாதாரணமாகத்தான் இருந்தது. பையன் அதை ஒதுக்கிவைக்கக்கூடப் போனான். அக்கா அதைத் தோளில் போட்டபடியே கண்ணாடிக் கதவருகே போய் நின்றார். வெளியே தூறல். சாம்பல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது, வெள்ளை முடி வெள்ளியாகவும், முகம் முன்பில்லாத ஒரு செம்மையோடும், மூக்குத்தியின் ஒற்றைக்கல் தனியாகவும் தெரிந்தன. ஷெவ்ரேல் சொன்ன எதிர்நிறக் கணக்குத்தான் இது என்று அப்போது எனக்கு நினைவு வரவில்லை; "அம்மா மாதிரி இருக்கே" என்றுதான் சொன்னேன். நரைத்த தலையும் கறுத்த அல்லது மாநிறமான முகமும் உள்ளவர்களுக்கு, கூதிர்காலப் பகல் நிகழ்ச்சிக்கு இதற்கு நிகரான நிறம் எனக்குத் தெரிந்தவரை வேறில்லை. தங்கமும் ஜரிகையும் அதன்மேல் தெளிவாக எழுந்து நிற்கும். மழைச்சேறு கொசுவத்தின் அடியில் தெறித்தாலும் உடனே காட்டிக்கொடுக்காது. இதற்கும் ஒரு குறை உண்டு. மஞ்சள் ஏறிய பச்சைகள், அதாவது கிளிப்பச்சையும் பாசிப்பச்சையும், இதே குடும்பமாக இருந்தாலும் இதே பலனைத் தரமாட்டா; அவற்றின் எதிரொளி தாடைக்குக் கீழே பித்தம் பிடித்தாற்போல் ஒரு பூச்சைக் கொண்டுவரும். எனக்கு அந்தக் கரும்பச்சை பொருந்தியது என்றாலும், செம்பட்டை முடியைத் தேவைக்கு மேல் சிவக்க வைத்தது.

ஐந்தாவது நீலக் குடும்பம். அடர்நீலங்களில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரோடு வழங்கும் எம்.எஸ். ப்ளூவைச் சொல்லாமல் தமிழில் புடவை நிறம் பற்றி எழுத முடியாது. வயதேறியவரின் மேடைக்கு மங்கிய நிறம்தான் அழகு என்ற எண்ணத்துக்கு அந்த ஒரு நிறம் போதுமான மறுமொழி. கச்சேரி மேடை போன்ற நல்ல வெளிச்சமுள்ள இடத்தில் அது நரைத்த தலைக்கும் கறுத்த தலைக்கும் சமமாகப் பொருந்தும். விளக்கொளியில் அடங்கிவிடும் என்பதை மேலேயே சொல்லிவிட்டேன். மயில்கழுத்தின் கதை வேறு. பாவு எனும் நெடுக்கு நூல் ஒரு நிறமும் ஊடை எனும் குறுக்கு நூல் வேறொரு நிறமுமாக நெய்யப்படும் இரட்டை நிறப் பட்டு அது. ஒரு மடிப்பில் நீலமாகவும் அடுத்த மடிப்பில் பச்சையாகவும் தெரியும். கடையின் வெளிச்சத்துக்கும் மண்டபத்தின் வெளிச்சத்துக்கும் இடையே பெரிய ஏமாற்றம் நேராத நிறம் இதுவே, ஏனெனில் ஒன்று மங்கும்போது மற்றொன்று கைகொடுக்கும். எங்கள் இருவர் தோளிலும் ஒருசேர நன்றாக இருந்தது இது ஒன்றுதான். ஒரே புடவையில் பகலையும் மாலையையும் கடத்த வேண்டியவர்கள், அல்லது சகோதரிகள் ஒரே நிறத்தில் எடுக்க நினைப்பவர்கள், யோசிக்காமல் இதற்குப் போகலாம். யோசித்து எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எல்லோருக்கும் பொருந்தும் நிறம் பெரும்பாலும் யாரையும் தனித்துக் காட்டுவதில்லை.

நீலத்தில் வயதானவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, அது துணியில் இல்லை. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளடைந்து, நீல ஒளியைத் தடுத்துக்கொள்கிறது. கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிவது கடினமாகிறது. எங்கள் அம்மா கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய வாரத்தில், பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, தாம் கறுப்பென்று பல ஆண்டுகள் ஒதுக்கிவைத்திருந்த புடவை நீலம் என்று கண்டுபிடித்தார். தீபாவளிக்குக் கறுப்பு ஆகாது என்று அதை யாருக்காவது கொடுத்துவிடாமல் இருந்தது நல்லதாயிற்று. ஆகவே அறுபதைக் கடந்தவர் நீலத்தையோ கத்தரிப்பூ நிறத்தையோ தேர்ந்தெடுக்கும்போது, தம் கண்ணோடு கூட இளையவர் ஒருவரின் கண்ணையும் அழைத்துச் செல்வது உசிதம். கூச்சப்படாமல் புடவையைக் கடைவாசல் வரை கொண்டுபோய்ப் பார்ப்பதும் அவசியம். குழல்விளக்கில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு நூல்கள் வெளிவெளிச்சத்தில் வெவ்வேறாகப் பிரிந்து நிற்பதைச் சாயக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள்.

இவ்வளவு சொன்னபின் ரவிக்கையைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஒப்பீடு பாதியில் நின்றுவிடும். ஆறு கஜத்தில் பெரும்பகுதி இடுப்புக்குக் கீழே போய்விடுகிறது. முகத்துக்கு அருகில் இருப்பவை ரவிக்கையின் கழுத்தும், மடிப்பு வைத்துத் தோளில் குத்தும்போது மேலே வந்து நிற்கும் கரையும்தான். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவால் (ஊடை நூலை ஏந்தித் தறியில் ஓடும் கட்டையால்) வெவ்வேறு நிறங்களில் நெய்து இணைக்கப்படுவதால், நமக்குப் பொருந்தாத நிறத்தை உடலில் வைத்துக்கொண்டு, பொருந்துகிற நிறத்தைக் கரையிலும் ரவிக்கையிலும் கொண்டுவர முடியும். கடுகு மஞ்சளில் ஆசை இருக்கிறது, முகம் ஒத்துழைக்கவில்லை என்றால், கரும்பச்சைக் கரை போட்ட கடுகு மஞ்சளை எடுத்துப் பச்சை ரவிக்கை தைத்துக்கொள்ளலாம். பொடிக்கலரைப் பரிசாக யாராவது கொடுத்துவிட்டால், அதனுடன் வரும் ரவிக்கைத் துணியை ஒதுக்கிவிட்டு அரக்கிலோ மயில்கழுத்திலோ தனியாக எடுத்தால் அந்தப் புடவையை மீட்டுவிடலாம். ஒரு புடவைக்கு இரண்டு ரவிக்கை என்பது செலவு போலத் தோன்றினாலும், இரண்டாவது புடவையைவிட எவ்வளவோ மலிவு.

மழைக்காலத்துக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெளிர் உடலில் அடர்ந்த அரக்குக் கரை போட்ட பட்டு, படத்தில் பார்க்க எவ்வளவு அழகோ நனைந்தால் அவ்வளவு ஆபத்து. கரையின் சாயம் உடலுக்கு இறங்கினால் உலர்சலவையில் கொடுத்தாலும் முழுதாகப் போவது அரிது. ஐப்பசி, கார்த்திகையில் மண்டபத்துக்கும் காருக்கும் இடையே நடக்க வேண்டியவர்கள், உடலும் கரையும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்கும் இணைகளை, பச்சைக்கு அரக்கு, நீலத்துக்குக் கத்தரிப்பூ என்பதுபோல் எடுப்பது பாதுகாப்பானது.

கடைசியில் அக்கா அரக்குக் கரை போட்ட அந்தக் கரும்பச்சையை எடுத்தார். நான் அரக்குக்கும் மயில்கழுத்துக்கும் இடையே முக்கால் மணி நேரம் ஊசலாடிவிட்டு, கல்யாணத்தில் எனக்கு விதித்திருந்த வேலை மாலையில் வாசலில் நின்று பன்னீர் தெளிப்பது என்பதை நினைத்து மயில்கழுத்தை எடுத்தேன். பையன் பில் போடும்போது அந்த அரக்குப் புடவையை மடிக்காமலேயே வைத்திருந்தான். தீபம் வருவதற்கு இன்னும் இருபது நாள் இருந்தது.